மாடல் ஹோமில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்

போலீஸ் உத்தியோகம் என்றால் தொப்பி, துப்பாக்கி, துரத்தல் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் டிஸ்பாட்சர் நாற்காலியில், அதாவது போனை எடுத்து ஆபீசர்களை அனுப்புகிறவர் நாற்காலியில், உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொப்பி கிடையாது, துப்பாக்கி கிடையாது, எழுந்து பாத்ரூம் போவதற்குக்கூட ஆள் மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு காதில் ஊர் ஜனம் போனில் கத்தும். இன்னொரு காதில் போலீஸ்காரர் ரேடியோவில் முனகுவார். நடுவில் நாம் இரண்டு பேருக்கும் குரல் உயராமல் பதில் சொல்ல வேண்டும். பாங்க் கவுண்ட்டர், ரயில்வே என்கொயரி, ஆஸ்பத்திரி ரிசப்ஷன் என்று எங்காவது உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பேர் ஷமீமா. சென்னை மண்ணடியில் பிறந்து வளர்ந்து, பி.காம். முடித்து, கல்யாணமாகி டெக்ஸஸில் வந்து இறங்கியவள். என் மச்சான் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினீயர். எங்கள் பக்கம் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வந்த நாளிலிருந்து ஏழு வருஷம் எனக்கு டிபென்டென்ட் விசா. அந்த விசாவில் சமைக்கலாம், துவைக்கலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், வேலைக்கு மட்டும் போகக் கூடாது. பார்ட்டிக்குப் பார்ட்டி யாராவது ஒரு ஆன்ட்டி "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்பார். நான் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டே "சும்மா வீட்லதான் ஆன்ட்டி" என்பேன். அந்தச் சும்மா எனக்கு எப்படி வலித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

கிரீன் கார்டு வந்த வருஷம்தான் எங்கள் ஊரில் போலீஸ் டிபார்ட்மென்ட் ஆரம்பித்தார்கள். ஊர் பேர் ஹாலிஸ் கிராஸிங், கேட்டி என்கிற ஊரிலிருந்து மேற்கே போனால் வரும். நாங்கள் குடிவந்தபோது ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், மீதியெல்லாம் மேய்ச்சல் நிலம். இரண்டாயிரத்து நாலு வாக்கில் பார்த்தால் புல் முளைத்த இடத்தில் எல்லாம் கூரை முளைத்திருந்தது. ஜனம் பெருகியதும் நகர கவுன்சில் ஒரு சீஃபையும் மூன்று ஆபீசர்களையும் வேலைக்கு எடுத்தது. பகல் டிஸ்பாட்சர் வேலைக்கு நான் மனுப் போட்டேன். இன்டர்வியூவில் சீஃப் கார்வர் ஒரே ஒரு கேள்விதான் தயங்கிக் கேட்டார்: தலையில் முக்காடு இருக்கும்போது ஹெட்செட் நிற்குமா? முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு தலையை நாலு பக்கமும் ஆட்டிக் காட்டினேன். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகு கவுன்சிலில் ஐந்து பேர் கூடி ஓட்டுப் போடுவார்கள்: டிஸ்பாட்ச் மேஜை ஊரிலேயே இருக்கட்டுமா, இல்லை பக்கத்து ஊர்களைப் போல கவுண்டிக்காரர்களிடமே, அதாவது மாவட்டப் போலீஸிடமே, கொடுத்துவிடலாமா என்று. கொடுத்துவிட்டால் நான் மறுபடி சும்மா. எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உயிரைக் கொடுத்தாவது வேண்டும்.

மூணு பெட்ரூம் இருக்கா?

எங்கள் ஸ்டேஷன் ஒரு மாடல் ஹோம். அதாவது, வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக பில்டர் கட்டி, சோபா போட்டு, பிளாஸ்டிக் ஆப்பிள் வைத்து அலங்கரித்த மாதிரி வீடு. அந்தப் பகுதி விற்பனை முடிந்ததும் நிஜ ஸ்டேஷன் கட்டும் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குக் கொடுத்திருந்தார். மாஸ்டர் பெட்ரூம் சீஃபுடையது. துணி அலமாரிக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, பிடிபட்ட சாமான்களை அதில் வைத்தோம். கைரேகை எடுப்பது கிரானைட் போட்ட சமையல் மேடையில். தொலைந்துபோன நாய்கள் பாத்டப்பில். என் மேஜை டைனிங் ரூமில், சரியாக சாண்டலியர் விளக்குக்குக் கீழே. அதில் இடித்துக்கொள்ளாத ஆபீசர் கிடையாது.

வாசலில் போலீஸ் என்று போர்டு மாட்டி மாதக்கணக்கான பிறகும் வீடு பார்க்க ஜனம் வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை ஒரு தம்பதி கைக்குழந்தையோடு நேராக உள்ளே வந்தார்கள். நான் போனில் இருந்தேன், கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்காராமல் மாடிக்குப் போனார்கள். கீழே வந்தார்கள். அடுப்பைத் திருகிப் பார்த்தார்கள். பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே இருந்த லாப்ரடாருக்கு ஹலோ சொல்லிவிட்டு மூடினார்கள். நான் போனை வைப்பதற்குள் சீஃப் கார்வர் யூனிஃபார்மோடு அறையிலிருந்து வெளியே வந்து, "இது வீடு இல்லை, போலீஸ் ஸ்டேஷன்" என்றார். ஆறடி மூன்று அங்குலத்தில் அதைச் சொன்னால் யாராக இருந்தாலும் இரண்டடி பின்னால் போவார்கள். அந்தப் பெண் போகவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கணவரிடம் திரும்பிச் சொன்னாள்:

"ஹனி, போலீஸும் வீட்டோடவே வருதாம். இதையே எடுத்துக்கலாம்."

வில்லோ கோர்ட்டுக்குப் போன வண்டி

பில்டர்களுக்கு மரத்தின் மேல் என்ன பாசமோ, முதலில் இருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, தெருவுக்கெல்லாம் மரத்தின் பேரை வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் வில்லோ லேன், வில்லோ ட்ரெயில், வில்லோ பெண்ட், வில்லோ கோர்ட், வில்லோ கோர்ட் நார்த் என்று ஒரு குடும்பமே இருந்தது; கோர்ட் என்றால் இங்கே முட்டுச்சந்து. சுவரில் தொங்கிய மேப் பில்டர் கொடுத்தது. அதில் இருக்கும் தெரு தரையில் இருக்காது, தரையில் இருக்கும் தெரு அதில் இருக்காது.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு பெண்மணி போன் செய்து, கராஜில் பாம்பு, உடனே ஆள் அனுப்பு என்று அலறினார். "வில்லோ கோர்ட்" என்றார். நார்த் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அது என் தப்புத்தான். டைலரை அனுப்பினேன். டைலர் எங்களில் கடைக்குட்டி ஆபீசர், இருபத்து மூன்று வயது, காது இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். மேப்பில் வில்லோ கோர்ட் அழகாக வளைந்து, இருபது வீடுகளோடு இருந்தது. தரையில் இருந்தது சேறும் நாலு மரக்குச்சியும்தான். முந்தின நாள் மழை வேறு. வண்டியின் நாலு சக்கரமும் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. பாம்பு வீட்டுக்காரம்மா அதற்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டார். நான் ரேடியோவில், "டைலர், எங்கே இருக்கே, போய்ச் சேர்ந்தியா இல்லையா?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன். ஷமீமாவை ஷா என்று சுருக்கிக் கூப்பிடுகிற அவன் கோபப்படாமல் பதில் சொன்னான்:

"ஷா, நான் வந்து சேர்ந்துட்டேன். வீடுதான் இன்னும் வந்து சேரல."

சீஃப் என் ஃபைலில் அதை எழுதினார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் மச்சானை மினி வேனை ஓட்டச் சொல்லி, ஊரை ஒரு தெரு விடாமல் சுற்றினேன். எந்தத் தெருவில் தார் போட்டாச்சு, எதில் போடவில்லை, எந்த முனையில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டு நாய் பாயும் என்று நானே ஒரு மேப் போட்டேன். பின்சீட்டில் இருந்த என் ஆறு வயது மகள் "ஆர் வீ லாஸ்ட்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சீஃப் பில்டரின் மேப்பைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டினார். மாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அவர் பாராட்டுகிற விதமே அதுதான் என்று பிறகு தெரிந்தது.

முகூர்த்தத்துக்கு வந்த மாடு

ஊருக்குப் பேர் கொடுத்த ஹாலிஸ் குடும்பத்தில் மிஞ்சியிருந்தவர் மிஸ்டர் ஹாலிஸ். எழுபதைத் தாண்டியவர். பாதி நிலத்தை பில்டருக்கு விற்றுவிட்டு, மீதியில் மாடு வைத்திருந்தார். விற்றதிலிருந்து ஊர் மேலேயே கோபம். கவுன்சிலில் இருந்த ஐந்து பேரில் ஒருவர். "இந்த ஊருக்கு ஒரு நாயும் ஒரு வேலியும் போதும், போலீஸ் எதுக்கு?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். போதாக்குறைக்கு, போலீஸ் ரேடியோவைக் கேட்கும் ஸ்கேனர் ஒன்றைத் தன் பிக்கப் வண்டியில் வைத்துக்கொண்டு, நாங்கள் எங்கே சறுக்குகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வில்லோ கோர்ட் விவகாரத்தன்று எனக்கு முதலில் போன் செய்து விசாரித்தவரே அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய மாடு ஒன்று வேலியைத் தாண்டி வந்துவிட்டது. முதல் போன் ஒரு அம்மாவிடமிருந்து: பக்கத்து வீட்டுப் புல்தரையில் மாடு நிற்கிறது, வந்து பிடியுங்கள். இரண்டாவது போன் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே. ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக, "ஆபீசரை ஒரு மணி நேரம் கழித்து அனுப்ப முடியுமா?" என்றார். மாடு போய்விட வேண்டும் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், இருக்கட்டும் என்று கேட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குள் போனில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஏங்க, வாழைப்பழம் எங்க வெச்சீங்க, மாடு கிளம்பிடப் போவுது!" விஷயம் புரிந்துவிட்டது. தமிழிலேயே கேட்டேன், "கிரகப்பிரவேசமா சார்?"

தமிழைக் கேட்டதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. பிறகு மனுஷர் கொட்டித் தீர்த்துவிட்டார். அமெரிக்காவில் மாட்டுக்கு எங்கே போவது, வெள்ளியில் சின்னதாகப் பசு வைத்தால் போதும் என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். ஹோமம் வளர்த்துக்கொண்டிருக்கும்போது நிஜ மாடு தானாக வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் விரட்ட மனசு வரும்? நான் டைலருக்குச் சொன்னேன்: தெரு முனையில் வண்டியைக் குறுக்கே நிறுத்து, மாடு மெயின் ரோட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள், கிட்டே போகாதே, ஒரு மணி நேரம் ஆகும். குறிப்பேட்டில், "மாடு அமைதியாக உள்ளது, வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதினேன். கார்ப்பெட் போட்ட வீடு, ஆகவே கராஜ் வரைக்கும் கூட்டிப்போய்ப் பூஜை செய்து அனுப்பினார்கள். மத்தியானம் மிஸ்டர் ஹாலிஸ் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். போனில் பேசிப் பேசி என் குரல்தான் அவருக்குத் தெரியும், ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார். முக்காட்டைப் பார்த்தார், ஹெட்செட்டைப் பார்த்தார், சாண்டலியரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மேம், என் மாட்டுக்கு யாரோ நெத்தியில சிவப்பா பொட்டு வெச்சு, கழுத்துல மாலை போட்டு, ஒரு டஜன் பழம் குடுத்து அனுப்பியிருக்காங்க. நான் இப்ப கேஸ் குடுக்கணுமா, நன்றி சொல்லணுமா?"

காபியா, டீயா?

அந்த கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது, போலீஸில் நம்ம பொண்ணு ஒண்ணு இருக்கு என்று. அவ்வளவுதான். டிரைவிங் டெஸ்ட்டுக்கு எங்கே அப்ளை பண்ணணும், எந்த டேகேர் நல்லது, ஹலால் கறி எங்கே கிடைக்கும், எல்லாவற்றுக்கும் எனக்கு போன். "ஆன்ட்டி, இது எமர்ஜென்சி லைன்" என்றால், "அதனாலதாம்மா உடனே எடுக்கறே" என்பார்கள்.

ஒரு நாள் ஒரு வீட்டில் திருட்டு அலாரம் அடித்தது. மிளகாய் வறுத்த புகையில் தீ அலாரம் அடிக்க, அதை நிறுத்தப் போய் அந்த வீட்டு ஆன்ட்டி திருட்டு அலாரத்தையும் தட்டிவிட்டிருக்கிறார். டைலர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த காரத்தில் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, பேச்சே வரவில்லை. ரேடியோவில் வெறும் இருமல் சத்தம் கேட்டு நான் பதறிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அதே வீட்டு ஆன்ட்டி. நான், "ஆன்ட்டி, என்ன ஆச்சு, ஆபீசர் நல்லா இருக்காரா, உள்ளே வேற யாராவது இருக்காங்களா?" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். ஆன்ட்டி நிதானமாக நடுவில் புகுந்தார்:

"அதெல்லாம் யாரும் இல்லம்மா, புள்ளைக்குத் தொண்டைதான் கட்டிக்கிச்சு. காபியா டீயா, சக்கரை போடலாமா, அதை மட்டும் இங்கிலீஷ்ல கேட்டுச் சொல்லு."

கதவைத் திறந்து இறங்கியவர்

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஓட்டெடுப்புக்கு மூன்று வாரம் இருந்தது. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். ஸ்டாப் சைனில் நிற்காமல் போன ஒரு காரை டைலர் நிறுத்தினான். நம்பரைச் சொன்னான். நான் கம்ப்யூட்டரில் போட்டேன். வண்டிச் சொந்தக்காரர் பேர் திரையில் வந்தது: முத்துக்குமாரசாமி. படித்து முடிப்பதற்குள் டைலரின் குரல் மாறிவிட்டது.

"ஷா, டிரைவர் கதவைத் திறந்து இறங்கிட்டார். வயசானவர். உள்ளே போங்கன்னு கத்தறேன், கேக்கல. என்னைப் பார்த்து நடந்து வர்றார். கையைச் சட்டைக்குள்ள விடறார்."

அமெரிக்காவில் போலீஸ் நிறுத்தினால் காரிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். இறங்கினாலே சண்டைக்கு வருவதாக அர்த்தம். அதிலும் சட்டைக்குள் கை போனால், போலீஸ்காரர் கை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரிலோ தலைகீழ். போலீஸ் நிறுத்தினால் இறங்கி, அவர் இருக்கிற இடத்துக்கு நாமே நடந்து போய், பேப்பரை எடுத்து நீட்ட வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் திமிர். அந்தப் பெரியவர் மரியாதையாகத்தான் நடந்து வருகிறார் என்று எனக்குத் தெரியும். டைலருக்கு எப்படித் தெரியும்? அவன் உயிருக்குப் பயந்துகொண்டு நிற்கிறான். எந்த நொடியிலும் கொன்றுவிடுவான், கொன்றுவிட்டு வாழ்நாள் முழுக்க அழுவான்.

போலீஸ் வண்டியில் சைரன் பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. அதை ரேடியோ பக்கம் திருப்பினால் நாங்கள் இங்கே பேசுவது வண்டிக்கு வெளியே ஸ்பீக்கரில் கேட்கும். "டைலர், ஸ்பீக்கரைத் திருப்பு. ரேடியோவை வெளியே விடு. இப்பவே!" என்றேன். தன் வண்டிக் கதவோரமாகவே நின்றிருந்தவன் திருப்பினான். என் மேஜைக்கு எதிரே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ரேடியோவில் ஆங்கிலம் மட்டும், சுருக்கமாக. அதைப் பார்த்துக்கொண்டேதான் தமிழில் கத்தினேன்.

"ஐயா! அப்படியே நில்லுங்க! கையை வெளிய எடுங்க! வெறுங்கையா எடுங்க! லைசென்ஸ் அப்புறம் காட்டலாம், இப்ப ஒண்ணும் எடுக்காதீங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. அப்படியே திரும்பி வண்டிக்குப் போங்க. உள்ள உக்காருங்க. ஸ்டியரிங் மேல கையை வைங்க. இந்த ஊர்ல இறங்கக் கூடாது ஐயா, இறங்கக் கூடாது, போங்க, போய் உக்காருங்க!"

பிறகு ரேடியோவில் ஒன்றுமே வரவில்லை.  யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்புறம் டைலர், மூச்சு வாங்க: "உள்ளே போயிட்டார், ஷா. கை ஸ்டியரிங்ல இருக்கு. ரெண்டும்." நான் மைக்கை விட்டுவிட்டு டைனிங் ரூமில் அழுதேன். இந்தத் தடவை அழுதேன்.

சாயங்காலம் பெரியவரை அவருடைய மருமகன், கார்ச் சொந்தக்காரர் முத்துக்குமாரசாமி, ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். பெரியவர் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது என்று மருமகன் பெருமையாகச் சொன்னார். லைசென்ஸை பனியனில் தைத்த பையில் வைத்துக்கொள்வது அந்தக் காலத்துப் பழக்கமாம். டைலர் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். பெரியவர் உட்காராமல், என்னையும் என் மேஜை மேல் இருந்த மைக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேம்மா. எத்தனையோ போலீஸ் வண்டி பாத்திருக்கேன். போலீஸ் வண்டி வாயைத் தொறந்து 'ஐயா'ன்னு கூப்பிட்டு இன்னைக்குத்தான் கேட்டேன்."

ஐந்தாவது ஓட்டு

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் பேசும் அலைவரிசையில்தான் கவுண்டிக்காரர்களும் பேசுவார்கள். அத்தனை வண்டியிலும் என் தமிழ் கேட்டிருக்கிறது. மறுநாள் கடிதம் வந்தது: போலீஸ் ரேடியோவில் அந்நிய மொழியில் பேசியது யார், யாரிடம், என்ன பேசினார்? முக்காடு போட்ட ஒரு பெண், போலீஸ் ரேடியோ, யாருக்கும் புரியாத ஒரு பாஷை. இரட்டைக் கோபுரங்கள் இடிந்த பிறகு வந்த அந்த வருஷங்களில் இந்த மூன்றும் ஒரே தாளில் வந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தையும் ஓட்டெடுப்பையும் ஒரே கூட்டத்தில் வைத்தார்கள்.

மச்சான் பயந்துவிட்டார். "ஷமீ, ஒரு சாரி எழுதிக் குடுத்துடு, விட்டுடுவாங்க" என்றார். "எதுக்கு சாரி? ரெண்டு உயிரைக் காப்பாத்துனதுக்கா? வேலை போனா போகட்டும் மச்சான், சாரி மட்டும் வராது" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மூன்று வாரமும் சோறு இறங்கவில்லை. சீஃபிடம் போய் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "நடந்ததைச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

கூட்டம் ஸ்கூல் கஃபேடீரியாவில். எனக்குத் தெரிந்த தமிழ் ஆன்ட்டிகள், அங்கிள்கள் எல்லாம் மூன்று வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, அன்றைக்குத் தமிழில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கவுண்டியிலிருந்து வந்தவர், "அதைத்தான் சொன்னீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். தப்பான கேள்வி இல்லை, ஆனால் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டைலர் எழுந்தான். இரண்டு காதும் ரத்தச் சிவப்பு. "ஆதாரம் நான்தான் சார். நான் சுடல. அவர் சாகல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். சீஃப் ரெக்கார்டிங்கைப் போட்டார். அந்தப் பெரிய ஹாலில் என் குரலே எனக்கு யாருடையதோ போலக் கேட்டது.

ஓட்டு எடுத்தார்கள். மேஜை ஊரிலேயே இருக்கட்டும் என்று இரண்டு பேர். கவுண்டிக்கே போகட்டும் என்று இரண்டு பேர். மிஞ்சியது மிஸ்டர் ஹாலிஸ். என் கதை முடிந்தது என்று நினைத்தேன், கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, கவுண்டிக்காரரைப் பார்த்துத் தன் குரலிலேயே பேசினார்:

"அன்னைக்கு நான் பிக்கப் ஓட்டிக்கிட்டிருந்தேன், ஸ்கேனர் ஓடிக்கிட்டிருந்தது. அந்தப் பொண்ணு பேசினதுல எனக்கு ஒரு வார்த்தை புரியல, மிஸ்டர். ஆனா வண்டியை ஓரங்கட்டி, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். மேஜை இங்கேயே இருக்கட்டும்."

அந்த மேஜையில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஒரு ஊரையே வெறும் குரலால் ஓட விட்டேன், நிறுத்தினேன், உட்கார வைத்தேன், என் வீட்டில் மட்டும் மச்சானும் மகளும் சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் எழுந்து வருகிறார்கள்.